டெமோ அக்கா விசில் அடித்தால்

வடசென்னையில் இன்று உயிரோடு நடமாடும் ஜனங்களில் பாதிப் பேரின் நெஞ்சில் ஒரு தடவையாவது கை வைத்து அழுத்தியவர் டெமோ அக்கா. மீதிப் பாதி, அவர் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு எதிர்ச் சந்தில் நுழைந்து தப்பித்தவர்கள். நம்பாதவர்கள் ராயபுரம் பக்கம் போய் ஏதாவது ஒரு கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லேசாக இருமிப் பாருங்கள். "யக்கா கண்ல பட்டுறப் போற, உள்ள வா நைனா" என்று கடைக்காரரே உங்களை இழுத்து மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்.

அக்காவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லித் தேடினால் அவர் தெருவிலேயே வழி காட்ட ஆள் இருக்காது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் முதலுதவி அறை நர்ஸ். விரல் நசுங்கியவன், கால் பிசகியவன், முந்தின நாள் சரக்கு இறங்காமல் தலை சுற்றுகிறது என்று வருகிறவன், எல்லோருக்கும் அங்கே டாக்டர், போலீஸ், பாதிரியார் மூன்றும் அவர்தான். எதையும் வாயால் மட்டும் சொல்லி விளக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. "சொன்னா உன் மண்டைல ஏறாது. இரு, டெமோ காட்றேன்" என்று கையை மடிப்பார். அதற்குள் நீங்கள் எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

நான் அப்போது தண்டையார்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, "டாக்டர் வந்துகொண்டே இருக்கிறார்" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை பொய் சொல்லும் உத்தியோகத்தில் இருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம், ஏசி அறைக்குள் போக வேண்டுமானால் ஒரு பட்டம் வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். படிப்பின் பெயர் ‘சுகாதாரக் கல்வி, மருத்துவமனை மேலாண்மை மற்றும் பாதுகாப்பு முதுகலை’. மூன்று படிப்புக்கும் தனித்தனியாக ஆள் சேராததால் கொத்தமல்லி, கறிவேப்பிலை, புதினா மாதிரி ஒன்றாகக் கட்டி விற்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

முதல் நாள் வகுப்பில் எங்கள் பேராசிரியர் திரையில் இருப்பதை அப்படியே வரி பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே அவருக்கு பவர்பாயிண்ட் சார் என்று பெயர் விழுந்துவிட்டது. இடைவேளையில் மசால் வடையைக் கடித்தவர், தொண்டையைச் செருமினார். செருமினார், அவ்வளவுதான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு நாற்காலி கவிழும் சத்தம் கேட்டது. அடுத்த கணம் பேராசிரியரைப் பின்பக்கமாகக் கட்டிப்பிடித்து, வயிற்றுக்கு மேல் முஷ்டி வைத்து, உயரத் தூக்கிக் குலுக்கிக்கொண்டிருந்தார் ஒரு அம்மணி.

"துப்பு சார்! வடைய துப்பு! வெக்கப்படாத!"

வடை எப்போதோ உள்ளே போய்விட்டிருந்தது. வெளியே வந்தது சட்டைப் பொத்தான்கள்தான். பேராசிரியர் மூச்சு வாங்கிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, சும்மாதான் கனைச்சேன்" என்றார்.

"எல்லாரும் அப்டித்தான் சார் சொல்வாங்கோ. அப்பால நீலம் பூத்துடும்" என்று சொல்லிவிட்டு, வகுப்பைப் பார்த்துத் திரும்பினார் அக்கா. "பாத்துகினீங்களா? இதான் டெமோ."

அவர் வீட்டுக்கு முதல் முறை போனபோது, கணவரைப் பார்த்துப் பதறிப்போனேன். ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். தெருவில் எல்லோருக்கும் ‘மாமா’. இடது கை கழுத்திலிருந்து தொட்டில் கட்டித் தொங்கியது, தலையைச் சுற்றிக் கட்டு, ஒரு காலில் இரண்டு பக்கமும் மரச்சட்டம் வைத்து இறுக்கியிருந்தது.

"ஐயையோ, என்ன மாமா, எங்க ஆக்சிடென்ட்?"

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல தம்பி. நாளிக்கி அவளுக்கு பிராக்டிகல் கீது" என்றார். கட்டில்லாத கையால் எனக்கு டீயை நீட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் எலும்பு ஒன்றுகூட முறிந்ததில்லை, ஆனால் கட்டுப் போடாத எலும்பும் ஒன்றுகூட இல்லை என்பது மாமாவின் பெருமை.

தேர்வுகள்தான் அக்காவுக்கு எமன். ‘சுகாதாரக் கல்வி: வரையறுக்க’ என்றது கேள்வி. நாங்கள் பக்கம் பக்கமாக எழுதினோம். அக்கா எழுதியது ஒரே வரி: ‘சொன்னால் கேட்காதவனிடம் மறுபடியும் சொல்வது.’ மருத்துவமனை மேலாண்மையில், வெளிநோயாளிகள் வரிசையைச் சீர்படுத்த வழி கேட்டிருந்தார்கள். ‘முதலில் டாக்டரை நேரத்துக்கு வரச் சொல்லுங்கள்’ என்று எழுதிவிட்டு அடிக்கோடும் போட்டுவிட்டு வந்துவிட்டார். பவர்பாயிண்ட் சார் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல தப்பு இல்லம்மா. ஆனா இதுக்கு எப்படி மார்க் போடறது?" என்று கேட்டார். அக்கா தட்டுத் தடுமாறித் தேறினார்.

சாவு வீட்டையும் அக்கா விட்டுவைத்ததில்லை. அவர் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். பெட்டியைத் தூக்க நான்கு பேர் குனிந்தார்கள். பெண்கள் கதறிக்கொண்டிருந்தார்கள். அந்த அழுகையை எல்லாம் மீறி ஒரு அதட்டல்.

"டேய், முதுக வளைக்காத! முட்டிய மடக்கு! பெட்டிய நெஞ்சோட அண்டக்குடுத்துத் தூக்கு! நாளிக்கி டிஸ்க் பூட்ச்சின்னு என்னாண்ட வந்து நிக்காத!"

தூக்கியவர்கள் பயந்துபோய் பெட்டியை மறுபடி கீழே வைத்து, முட்டியை மடக்கி, முறைப்படி தூக்கினார்கள். கூட்டத்தில் யாரோ, "பெர்சுக்கும் ஒரு தபா நெஞ்ச அழுத்திப் பாரேன் யக்கா, எய்ந்து நடந்தே வந்துடுவாரு" என்றார்கள். இறந்தவரின் மனைவியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

இந்த வயதில் இந்தப் படிப்பு எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன். யார்டில் முதலுதவி அறையைப் புதிதாக வரப்போகும் சேஃப்டி ஆபீசரின் கீழ் கொண்டுவரப் போகிறார்கள். அந்த நாற்காலிக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். பட்டம் இருந்தால் அக்காவே உட்காரலாம். இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் வரும்.

"நேத்து மொளச்சவன் எவனாவது டை கட்டிகினு வந்து, கையில கிளவுஸ் எப்டி மாட்றதுன்னு எனக்கு கிளாஸ் எடுப்பான். அத்த நான் குந்திகினு கேக்கணும். செத்துடுவேன்டா தம்பி" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கண் விளையாடவில்லை.

கடைசி பரீட்சை களப்பணி. இருவர் இருவராக ஒரு தெருவை எடுத்து, ஆபத்து வந்தால் ஜனங்களை வெளியேற்றும் ஒத்திகை நடத்த வேண்டும். வெளித்தேர்வாளர் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார். என் கெட்ட நேரம், அகர வரிசையில் என் பெயரும் அக்கா பெயரும் அடுத்தடுத்து வந்தன. அக்கா தன் தெருவையே எடுத்தார். காரணம் இருந்தது. அந்தத் தெருவின் ஒரு முனையில் மீனுக்குப் பனிக்கட்டி செய்யும் ஒரு சின்ன ஐஸ் ஃபேக்டரி. உள்ளே குளிர வைக்க அமோனியா வாயு. அவ்வப்போது தெருவில் கழுவாத பொதுக் கழிப்பிட வாசனை வரும். "ஐசுகாரன் மூச்சு வுட்றான்" என்று சொல்லிவிட்டு ஜனங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். நடுத் தெருவில் பக்கவாட்டில் ஒரு சந்து பிரிந்து மாதா கோயில் மைதானத்துக்குப் போகும். வாயு கசிந்தால் காற்று அடிக்கும் திசையிலேயே ஓடக் கூடாது, அதற்குக் குறுக்கே ஒதுங்க வேண்டும். ஆகவே சந்து வழியாக மைதானம் என்று திட்டம் போட்டோம். கிளம்புவதற்கு அடையாளம், அக்காவின் விசில்.

ஒத்திகை நாளன்று தெருவுக்குள் நுழைந்த எனக்குத் தலை சுற்றியது. எங்கள் பக்கத்தில் எந்தக் காரியத்தையும் விழாவாக்காமல் செய்யத் தெரியாது. தெரு முனையில் பெரிய பேனர்: ‘மாபெரும் கேஸ் லீக் விழாவுக்கு வருகை தரும் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறோம்.’ கீழே கூலிங் கிளாஸ் போட்ட இருபது பையன்கள் செல்போன் பேசியபடி போஸ். நடுவில் பெரிதாக டெமோ அக்கா, கை கூப்பி. சீரியல் லைட், ஷாமியானா, நாற்காலி. பேண்டுக்காரர்களைத் திருப்பி அனுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வெளித்தேர்வாளர் நகரத்தின் தென்கோடியிலிருந்து வந்திருந்தார். வெள்ளைவெளேரென்ற ஷூ. ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்து வைத்தார். அவரை ஐஸ் ஃபேக்டரி வாசலருகே நிற்க வைத்து, "இங்கதான் சார் லீக்னு வெச்சுக்கங்க. இப்ப பாருங்க, தெரு எப்டி காலியாவுதுன்னு" என்று சொல்லி, அக்கா விசிலை வாயில் வைத்து ஊதினார்.

எல்லா வீட்டுக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. எனக்குப் புல்லரித்தது. அடுத்த நொடி புல்லரிப்பு அடங்கிவிட்டது. வெளியே வந்தவர்கள் அத்தனை பேர் கையிலும் குடம். பச்சை, நீலம், சிவப்பு பிளாஸ்டிக் குடங்கள். சந்துப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. விசில் வந்த திசையை நோக்கி, அதாவது நேராக வாயு கசியும் இடத்தை நோக்கி, தெருவே திரண்டு ஓடி வந்தது.

அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த எல்லோர் காதிலும் விசிலுக்கு ஒரே அர்த்தம்தான். தண்ணீர் லாரி வந்தால் கிளீனர் விசில் அடிப்பார். விசில் கேட்டால் கை குடத்தைத் தூக்கும், கால் ஓடும். மூளைக்கு இதில் வேலையே இல்லை. பேனர் கட்டியதெல்லாம், நாற்காலி போட்டதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஃபேக்டரி வாசலில் நொடியில் வரிசை உருவாகி, வரிசைக்குள் சண்டையும் உருவாகிவிட்டது.

அக்காவுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஸ்டெல்லா, வாய்க்குப் பேர் போனவள். முன்னால் நின்ற வெள்ளை ஷூவைப் பார்த்துக் குடத்தை ஆட்டினாள். "யோவ் பெர்சு, இன்னா நடுவுல பூந்துகினு? நாங்கல்லாம் மனுசங்களா தெரியல? பின்னால போய் நில்லு!"

"அம்மா, நான் எக்ஸாமினர்" என்றார் அவர்.

"யாரா இருந்தா இன்னா, கொடம் எங்க?"

வெள்ளை ஷூ அன்று எழுதிய குறிப்பு: ‘மக்கள் ஆபத்தை நோக்கி, மிகுந்த ஒழுங்கோடு விரைந்தனர். தேர்ச்சி இல்லை.’ இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் அடுத்த ஆண்டுதான். அதற்குள் யார்டுக்கு டை கட்டியவன் வந்துவிடுவான்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு ஆள் பொறையேறி இருமினான். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"யக்கா, நடத்தை மாற்றம்னு ஒரு பாடமே இருக்கே. படிப்படியாத்தான் மாத்தணும்" என்று ஆரம்பித்தேன்.

"மூட்றா. லாரி விசில் கேட்டு எங்கம்மா ஓடிச்சி, நான் ஓடுனேன். இன்னிக்கி அந்த விசில நானே ஊதிட்டு நானே ஓடப் பாத்தேன். என் காலே கேக்கல, இவங்க காலு கேக்குமா?"

அடுத்த வாரங்களில் வீடு வீடாகப் போய்ப் பேசினோம். எல்லோரும் தலையாட்டினார்கள், டீ கொடுத்தார்கள். விசிலை விட்டுவிட்டுத் தட்டைத் தட்டிப் பார்த்தோம். பழைய சாமான் வாங்குகிறவன் என்று உடைந்த பக்கெட்டைக் கொண்டுவந்தார்கள். கையால் சுற்றும் சைரனை ஒலிக்கவிட்டோம். ஏதோ கட்சிக்காரர் வருகிறார் என்று வாசல் தெளித்தார்கள். நானாக இருந்தால் தெருவையே மாற்றியிருப்பேன். அக்கா மாற்ற மாட்டேன் என்று சாதித்துவிட்டார்.

மறு ஒத்திகைக்குச் சில நாள் முன்னால், ஒரு மத்தியானம், அக்கா வீட்டில் மாமாவின் தலை, கை, கால் எல்லாவற்றிலும் கட்டுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தோம். வழக்கமான கழிப்பிட வாசனை வந்தது. ஜன்னலைச் சாத்தினேன். வாசனை போகவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது, தொண்டையில் மிளகாய்ப் பொடி தூவியதுபோல் எரிந்தது. அக்கா என்னைப் பார்த்தார்.

"இது மூச்சு இல்லடா. வாந்தி" என்றார்.

வெளியே ஓடினோம். ஃபேக்டரிக் கூரைக்கு மேல் வெள்ளையாகப் புகை. வேலையாட்கள் முகத்தில் துணியோடு வெளியே தெறித்து ஓடிக்கொண்டிருந்தார்கள். தெரு ஜனம் எங்கே? வழக்கம்போல் ஃபேக்டரி வாசலை நோக்கி, வேடிக்கை பார்க்க நடந்துகொண்டிருந்தது.

"லீக்கு! கேஸ் லீக்கு! மைதானத்துக்கு ஓடுங்க!" என்று அக்கா தொண்டை கிழியக் கத்தினார்.

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "இன்னா யக்கா, எக்ஸாம் சார் வந்துகீறாரா? இந்த தபா வாசனல்லாம் வுட்டு ஜோரா பண்றியே! இரு, நைட்டிய மாத்திகினு வரேன்."

இன்னொருவர், "பேண்டு செட்டு இல்லியா?" என்றார். ஒருவரும் நகரவில்லை. அக்கா சந்துப் பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் பயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நீ ஃபயர் சர்வீசுக்கு போன் அடி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, திரும்பி, சந்துக்குள் விழுந்தடித்து ஓடிப்போனார். நான் திகைத்துவிட்டேன். ஊரை விட்டுவிட்டு ஓடுகிறாளா இந்தப் பெண்பிள்ளை? தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டு விவரம் சொல்லி முடித்தேன். அப்போதுதான் அது கேட்டது.

மைதானத்துப் பக்கமிருந்து விசில். நீளமாக, விடாமல். கூடவே அக்காவின் குரல்.

"தண்ணி லாரீ! ரெண்டு லாரி வந்துகீது! ஜல்தியா வா! மூடிட்டுப் போப் போறான்!"

நைட்டி மாற்றப் போன ஸ்டெல்லா மாற்றாமலே குடத்தோடு பறந்தாள். முழங்கால் வலி என்று மாதக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்காத ஒருவர் கைக்கொரு குடமாக என்னை முந்திக்கொண்டு போனார். மாமா தலைக்கட்டு, கைக்கட்டு, கால் சட்டம் எல்லாவற்றையும் உருவி எறிந்துவிட்டுப் பாய்ந்தார். கண் எரிகிறது என்று யாரும் சொல்லவில்லை, எரியும் கண்ணோடே ஓடினார்கள். லாரி இல்லை என்பது தெருவிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். மைதானத்துக்குப் போய்ப் பார்த்தால் என் கையிலும் ஒரு நீலக் குடம் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

மைதானத்தில் வரிசை நின்றுவிட்டது. நான் மாமாவுக்குப் பின்னால் நின்றேன். லாரியைக் காணோம். கோயில் சுவரையொட்டி விசிலோடு நின்ற அக்காவைச் சுற்றிச் சத்தம் எழும்பியது. "இன்னா யக்கா, டபாய்க்கிறியா? எங்க லாரி?" அடி விழுந்திருக்கும். அதற்குள் எனக்குப் பின்னால் நின்ற ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ இன்னாத்துக்கு நடுவுல பூந்த? எனக்கு முன்னால ரோசியக்காதான நிப்பாங்க? மாமாவுக்குப் பின்னால ரோசியக்கா, அப்பால நான். எப்பவும் அதான..."

ஸ்டெல்லா என் சட்டையை விட்டாள். வரிசையில் மேலும் கீழும் பார்த்தாள்.

"யக்கா... ரோசியக்காவக் காணோம்."

வரிசை முழுவதும் சந்துப் பக்கம் திரும்பியது. அந்த நேரம் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது. லாரி எங்கே என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

ரோசியக்கா தனிக்கட்டை. விடியலில் காசிமேட்டில் மீன் எடுத்து விற்றுவிட்டு வந்து மத்தியானம் தூங்குகிறவர். காது மந்தம். லாரி வரும்போதெல்லாம் டெமோ அக்காதான் போகிற வழியில் அவர் கதவை ஓங்கிக் குத்தி எழுப்பிவிட்டுப் போவார். இன்றைக்குக் குத்த வேண்டிய கை மைதானத்தில் விசில் பிடித்துக்கொண்டிருந்தது.

மாமா குடத்தைப் போட்டுவிட்டுச் சந்தை நோக்கி ஓடினார். அக்கா பாய்ந்து அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"யாரும் உள்ள போக்கூடாது!"

"வுட்றி! நம்ம ரோசிடி!"

"போக்கூடாதுய்யா! போனா நீயும் வுயுந்துடுவ, உன்னத் தூக்க இன்னொருத்தன் போவான்!"

இரண்டு வருஷமாக அந்தப் படிப்பின் எல்லா விதியையும் சட்டை செய்யாமல் திரிந்த அந்த மனுஷி, அந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுதுகொண்டே நின்றார். சட்டையை விடவில்லை. சந்து முனையில் நின்ற தீயணைப்பு வீரரிடம், "பச்சைக் கதவு சார், மாதா படம் ஒட்டிகீது. கூப்டா கேக்காது, ஒடச்சிடுங்க" என்று விம்மலுக்கு நடுவில் சொன்னார். முகமூடி மாட்டிய இருவர் உள்ளே போனார்கள். நான் ஜெபம் சொல்கிற ஜாதி இல்லை. அன்றைக்கு யார் யாரையெல்லாமோ கூப்பிட்டேன்.

அவர்கள் ரோசியக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் சிவந்து, இருமலோடு, உயிரோடு. கையில் சிவப்புக் குடம். கதவை உடைத்தவர்களை லாரி வந்திருப்பதாகச் சொல்ல வந்தவர்கள் என்று நினைத்து, குடத்தை எடுக்காமல் வர மாட்டேன் என்று அடம் பிடித்தாராம்.

கோயில் குழாயில் அவர் கண்ணைக் கழுவிவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் முதல் முறையாக டெமோ அக்காவுக்கு எதிரே ஒரு உண்மையான நோயாளி. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அனிச்சையாகக் கையை மடித்துக்கொண்டு கிட்டே போனார். ரோசியக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"நெஞ்சுல கைய வெச்ச, கொன்னுடுவேன்."

அக்கா அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். தெருவே அழுதது. கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஸ்டெல்லா கேட்டாள்: "அது சரி யக்கா, நெசமாவே லாரி எப்ப வரும்?"

மறு தேர்வன்று பேனர் இல்லை. வெள்ளை ஷூ நடந்ததை எல்லாம் கேட்டு வைத்திருந்தார். "பொய் சொல்லி ஜனங்களை வெளியேத்தறது சுகாதாரக் கல்வியில எந்தப் பாடத்துலம்மா வருது?" என்றார்.

"வர்ல சார். சேக்கணும்."

"ஒரு தடவை ஏமாந்தவங்க அடுத்த தடவை வருவாங்களா?"

"சார், லாரி வருது வருதுன்னு சொல்லி வாரா வாரம் ஏமாத்திகினுதான் கீறாங்கோ. அட்த்த வாரம் நாங்க கொடத்த எட்துனு போறமா இல்லியா?"

வெள்ளை ஷூ குனிந்து ஷூவைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "காது கேக்காத அந்த அம்மா? உங்க திட்டத்துல அவங்க எங்க இருந்தாங்க?"

அக்கா தலை கவிழ்ந்தது. "இல்ல சார். வுட்டுட்டேன். என் தப்புதான்." பிறகு நிமிர்ந்தார். "இப்ப மாத்திட்டேன். வரிசைல பின்னால நிக்கிறவங்க, தனக்கு முன்னால நிக்கிறவங்க கதவத் தட்டிட்டுத்தான் வரணும். ரோசி கதவ ஸ்டெல்லா தட்டுவா. ஒருத்தர் வுடாம அப்டித்தான். இரு சார், டெமோ காட்றேன்."

காட்டினார். விசில் மைதானத்தில் கேட்டது. கதவுகள் தட்டப்பட்டன. தெரு காலியானது. வெள்ளை ஷூ தேர்ச்சிக்குத் தேவையான மதிப்பெண்ணைப் போட்டார், அதற்கு மேல் அரை மதிப்பெண்கூடப் போடவில்லை. போகும்போது ஸ்டெல்லாவிடம் மட்டும் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். என்ன என்று கேட்டேன். "அட்த்த தபா கொடத்தோட வரேன்னு சொல்ட்டுப் போறாரு" என்றாள்.

யார்டில் இப்போது சேஃப்டி ஆபீசர் டெமோ அக்காதான். அங்கே யாரும் இருமுவதில்லை என்று கேள்வி. எனக்கும் பட்டம் கிடைத்தது, ஏசி அறையும் கிடைத்தது, அங்கே குளிர் தாங்காமல்தான் எழுத வந்தேன். வீடும் வேளச்சேரிப் பக்கம் மாறிவிட்டது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது.

ஆனால் அந்தத் தெரு வரிசையில் எனக்கு நிரந்தரமாக ஒரு இடம் போட்டுவிட்டார் அக்கா, மாமாவுக்குப் பின்னால், ரோசியக்காவுக்கு முன்னால். அன்றைக்கு நின்ற இடமாம், மாற்றக் கூடாதாம். எனவே ஒவ்வொரு ஒத்திகைக்கும் என் கதவைத் தட்டும் பொறுப்பு ரோசியக்காவுடையது. போனில் தட்டுகிறார். நான் பேசுவது எதுவும் அவர் காதில் விழாது. "தட்டிட்டேன் நைனா! வெளிய வா!" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்.

நான் உடனே ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறேன். எதிர் ஃபிளாட்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அவர்கள் கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள்?